பல்வலி

பங்குனி. வரிக்காலம்.
ஏஜாக்சில் பாதிச் சனத்தின் வருமானம்
என் சாப்பாட்டு மேசையில் குவிந்து கிடந்தது.
இடது கீழ்த்தாடையில் ஒரு வலி.
கூர் இல்லை. ஈர மண்ணைப் பிசைந்து
உள்ளிருந்து யாரோ அப்புவதுபோல.

கடைவாய்ப் பல் என்றேன்.
கிருபா கராம்பு எண்ணெய் எடுத்துவந்தார்.
பிறகு, நேற்றுத் தின்ற கொத்தின் வாய்வு என்று
ஓமமும் அவித்தார்.
இரண்டையும் வாங்கிக்கொண்டேன், அவருக்காக.

நிலக்கீழ் அறையில் பழைய கோப்பொன்றைத் தேடி
படியேறி வரும்போது
எனக்கு முன்னால் வலி ஏறியது.
கதிரையில் குந்தினேன், இறங்கியது.
சொல்வழி கேட்கிற வலி என்று
அதை மெச்சிக்கொண்டேன்.

இப்படி மூன்று நாள்.

நாலாம் நாள் காலை
பல் வைத்தியரின் கிளினிக்குக்கு அடித்தேன்.
போன் எடுக்கிற மரிசெல்
நேரம் தரவில்லை, கேள்வி தந்தாள்.
குளிர்தண்ணீர் பட்டால் கூசுதா? இல்லை.
கடித்தால் நோகுதா? இல்லை.
படி ஏறினால்?

நான் பேசவில்லை.
பல்லுக்குப் படிக்கட்டுத் தெரியுமா?

வேர்க்குதா என்றாள்.
வெளியே மைனஸ் எட்டு.
என் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.
"போனை வையுங்கள். ஒன்பது ஒன்று ஒன்று அடியுங்கள்.
கணவர் காரில் கொண்டுபோவார் என்று சொல்லாதீர்கள்."
அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

மறுமுனையில் ஒரு நிதானமான குரல்.
அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதா, எங்காவது இரத்தம் போகிறதா
என்றெல்லாம் கேட்டுவிட்டு
சின்னக் குளிசை இரண்டு, விழுங்காமல் சப்பச் சொன்னது.
கதவைத் திறந்து வை. நடக்காதே. இரு.
நான் இருந்தபடியே கிருபாவிடம் சொன்னேன்:
"அவங்கள் வரமுன்னம் அந்தக் கோப்பைகளைக் கழுவுங்கோ."
அவர் கழுவினார்.
கை நடுங்கி ஒன்று உடைந்தது.

அம்புலன்ஸ் கிட்டடி ஆஸ்பத்திரியைத் தாண்டி ஓடியது.
வழி பிழைக்குது என்றேன்.
வயரெல்லாம் ஒட்டிய பொடியன்
தாளில் ஓடிய கோட்டைக் கிழித்தபடி சொன்னான்:
"இரத்தக்குழாய் திறக்கிற அறை ஸ்காபரோவில்.
உங்களுக்காகக் கைகழுவி நிற்கிறார்கள்."

காப்பைக் கழற்றினார்கள்.
மணிக்கட்டால் நுழைந்து
அடைத்த இடத்தில் ஒரு மெல்லிய வலைக்குழாயை விரித்தார்கள்.
தாடை அந்த நிமிடமே வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் இளம் டொக்டர் ஒருத்தி படிவத்தோடு வந்தாள்.
குடும்பத்தில் யாருக்கும் இருதய வருத்தம்?
"இல்லை." வருடத்துக்கு முந்நூறு படிவம் நிரப்புகிறவள்,
யோசிக்கவில்லை.
அம்மா இருக்கிறாவா?
"ஐம்பத்திநாலு வயதில் போயிட்டா."
எதனால்?
"பல்வலி."

பேனா நின்றது.
என் சொல் என் காதில் அப்போதுதான் விழுந்தது.
கராம்பு வைத்துத் துணியால் கட்டிய தாடை.
விடியப் பல்லைப் பிடுங்கலாம் என்ற பேச்சு.
அவவுக்கு விடியவில்லை.
முப்பத்தொரு வருடமாக
பல்வலிக்காரி என்றே
அவவை நினைத்திருக்கிறேன்.

இப்போது காலையில் ஐந்து குளிசை.
கறியில் உப்புக் குறைய, கிருபாவின் முகம் நீளும்.
வாரத்தில் இரண்டு நாள் உடற்பயிற்சி வகுப்பு;
பக்கத்து மெஷினில் நடக்கிற லொறிக்காரர்
தன் வலி தோளில் வந்தது என்றார்.
நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுந்தவர்
எங்கள் பத்துப்பேரில் மூன்றே பேர்.

மரிசெல்லுக்குக் கேக் கொண்டுபோனேன்.
பல் கிளினிக்குக்குக் கேக்கா என்று சிரித்தாள்,
ஒரு துண்டைத் தின்றாள்,
துப்புரவுக்கு வந்து எட்டு மாதமாகிறது என்று
ஒரு திகதியும் எழுதித் தந்தாள்.

அடுத்த பங்குனி வந்தது.
மேசைக்கு எதிரே வந்து இருப்பவர்களிடம்
உங்களில் தங்கியிருப்போர் எத்தனை பேர் என்று கேட்டபின்
இன்னொன்றும் கேட்கிறேன்:
அப்பா, அம்மா எதனால் போனவை?
சிலருக்குக் கோபம் வருகிறது.
வரிக்கும் அதுக்கும் என்ன என்கிறார்கள்.
நேற்று ஒருவர்
தாய், தமையன் இரண்டு பேருமே
வாய்வில் போனவை என்றார்.

பேனாவை வைத்தேன்.